முட்டைக்குள் குஞ்சு இருக்குமா? தாய்மார்கள் கண்டுபிடிக்க எளிய வழி

சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் வீட்டுக்கு வீடு நாட்டுக் கோழி உண்டு. வீட்டுத் தேவை போக, மீதி முட்டை விலைக்கு வருகிறது.

வாங்கி வந்த முட்டையை உடைத்ததும் மஞ்சள் கருவில் ஒரு சிவப்புப் புள்ளி!

"ஐயையோ, குஞ்சு பிடித்துவிட்டது!" என்று தாயார் அதைக் கொட்டிவிடுகிறார். தட்டோடு காத்திருந்த பிள்ளையின் முகம் வாடிவிடுகிறது.

அந்த முட்டையைக் கொட்ட வேண்டியதே இல்லை!

இரத்தப் புள்ளி

முட்டை உருவாகும்போது, கோழியின் உடலில் நுண்ணிய இரத்தக் குழாய் ஒன்று வெடிப்பது உண்டு. அந்தத் துளிதான் இது. சேவலையே காணாத கோழியின் முட்டையிலும் இது இருக்கும். புள்ளியைக் கரண்டியால் எடுத்துவிட்டு, நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம்.

சேவல் இல்லாத முட்டை

சேவல் சேராமலே கோழி முட்டையிடும். நாமக்கல் பண்ணைகளில் இருந்து கடைக்கு வரும் முட்டை அப்படிப்பட்டது. எத்தனை நாள் அடை வைத்தாலும் குஞ்சு பொரிக்காது.

பால் குடிப்பவர் இத்தகைய முட்டையைச் சாப்பிடத் தடை இல்லை என்று காந்தியடிகள் 1942-ல் சிறையில் இருந்தபோது எழுதினார்.

விளக்குச் சோதனை

நாட்டுக் கோழி சேவலோடு திரிகிறது. ஆகவே அதன் முட்டையில் கரு ஏறியிருக்கலாம். ஆனால், அடைச்சூடு இருந்தால்தான் அது குஞ்சாக வளரும். அதற்குச் சுமார் 100 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் வேண்டும். நாளும் 21 ஆகும். அன்றன்று எடுத்த முட்டையில் கரு ஏறியிருந்தாலும் ருசி மாறாது, சத்தும் குறையாது.

சித்திரை வெயிலில் மட்டும் கவனம் தேவை. அந்தச் சூட்டிலேயே கரு சிறிது வளர்ந்து, பிறகு செத்து, முட்டை கெட்டுவிடும்.

சந்தேகமா? இருட்டறையில் டார்ச் விளக்கின் மேல் முட்டையின் பருத்த முனையை வையுங்கள். உள்ளே ஒரே சீராக வெளிச்சம் தெரிந்தால் கவலை இல்லை. ஒரு வாரம் அடையில் இருந்த முட்டை என்றால் நடுவே கறுப்புப் பொட்டு தெரியும். அதைச் சுற்றிச் சிலந்திக் கால்போல் நரம்புகள் ஓடும். அது சமையலுக்கு ஆகாது.

தண்ணீரில் போட்டுப் பார்த்தால் கரு தெரியாது, வயதுதான் தெரியும். புதிய முட்டை அடியில் படுக்கும். பழையது நிமிர்ந்து நிற்கும். மிதந்தால் தூர எறியுங்கள்.

எதற்கும், முட்டையை நேரே சட்டியில் உடைக்காதீர்கள். ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்து ஊற்றுங்கள்.

கூமுட்டையை எறியலாம். நல்ல முட்டையைக் கூமுட்டை என்று எறிந்தால், நஷ்டம் பிள்ளைக்குத்தான்!