எலுமிச்சை வலிமை குறைந்த அமிலமா?

பால் ஊற்றாத டீயில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். கருஞ்சிவப்பு சட்டென்று வெளுத்துப் பொன்னிறமாகும். தேயிலையின் சாயப்பொருள்களில் சில, அமிலம் ஏறினால் இப்படி நிறம் மங்கிவிடும். அந்தச் சாற்றின் பி.எச். ஏறத்தாழ 2. பல் கூசுகிற புளிப்பு. ஆனால் அதிலுள்ள சிட்ரிக் அமிலத்தைப் பாடநூல் ‘வலிமை குறைந்த அமிலம்’ என்கிறது. பிள்ளைகள் குழம்பாமல் என்ன செய்வார்கள்?

பி.எச். கரைசலைப் பற்றியது. அதில் ஹைட்ரஜன் அயனி எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும், அவ்வளவுதான். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் மதுபான ஆலையின் ஆய்வகத்தில் நொதிகளை ஆராய்ந்த சோரன்சன், 1909இல் இந்த அளவைக் கொண்டுவந்தார். லிட்டருக்கு 0.01 மோல் அயனி இருந்தால் 2, 0.001 இருந்தால் 3. எண் ஒன்று ஏறினால் அமிலத்தன்மை பத்தில் ஒரு பங்காகிவிடும்.

வலிமையோ அமிலத்தின் பிறவிக் குணம். தண்ணீரில் போட்டால் எத்தனை மூலக்கூறு பிரிந்து அயனியைக் கொடுக்கும் என்பதே கேள்வி. 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் அநேகமாக முழுசும் பிரிந்துவிடும், பி.எச். 1. அதே செறிவில் அசிட்டிக் அமிலத்தில் ஆயிரத்துக்குப் பதின்மூன்றுதான் பிரியும், பி.எச். 2.9. தண்ணீர் ஊற்றினால் பி.எச். மாறும், பிரியும் பங்கும் கொஞ்சம் கூடும். அயனியாதல் மாறிலி மட்டும், வெப்பநிலை மாறாதவரை, அசையாது. வலிமைக்கு அதுதான் சாட்சி.

இப்போது எலுமிச்சை புரியும். பிரிவது சிறு பங்குதான், ஆனால் சாற்றில் சிட்ரிக் அமிலம் ஏராளம். 0.001 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.எச். 3, வலிமைமிக்கதாக இருந்தும் எலுமிச்சையிடம் தோற்றுப்போகிறது.

இன்னொன்றை ஆய்வகத்தில் செய்தே பார்க்கலாம். மேலே சொன்ன 0.1 மோலார் அமிலங்களில் ஒவ்வொன்றிலும் 20 மி.லி. எடுத்து, பினால்ப்தலின் சேர்த்து, பியூரெட்டிலிருந்து 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு விடுங்கள். ‘வலிமை குறைந்ததுக்குக் காரமும் குறைவாகத்தானே செலவாகும்?’ என்று கேட்காத வகுப்பே இல்லை. இரண்டுக்கும் அதே 20 மி.லி.யில்தான் இளஞ்சிவப்பு நிற்கும். காரம் அயனியைப் பிடுங்கப் பிடுங்க, பிரியாமல் கிடந்த அசிட்டிக் மூலக்கூறுகளும் ஒவ்வொன்றாகப் பிரிந்து கணக்கைத் தீர்த்துவிடும்.

‘வலிமை குறைந்தது’ என்றால் ‘ஆபத்தில்லாதது’ என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹைட்ரோபுளோரிக் அமிலமும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. அது கண்ணாடியையே அரிக்கும். அதனால் பிளாஸ்டிக் புட்டியில்தான் வைக்கிறார்கள்.