சொல்லாமல் சொல்லித்தரும் மரியோ!

தொண்ணூறுகளின் கோடை விடுமுறை நினைவிருக்கிறதா? டி.வி-யோடு ஒயரில் இணைத்த வீடியோ கேம் பெட்டி, அதைச் சுற்றி அக்கம்பக்கத்துப் பிள்ளைகள், ‘அடுத்தது நான்தான்’ என்ற சண்டை. கேசட்டில் எத்தனை கேம் இருந்தாலும், முதலில் தேடியது தொப்பியும் மீசையுமாக ஓடும் மரியோவைத்தான்!

நின்டெண்டோ நிறுவனத்தின் ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ ஜப்பானில் வெளியானது 1985 செப்டம்பர் 13-ல். ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் வடிவமைத்த இந்த கேம், 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. மொத்த அளவோ வெறும் 40 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் வரும் ‘குட்மார்னிங்’ படமே பெரும்பாலும் அதைவிடப் பெரியது! இடத்தை மிச்சம்பிடிக்க, மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படத்தைத்தான் பயன்படுத்தினார்கள். வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர்.

இன்றைய பிள்ளைகளையும் இந்தப் பழைய கேம் பிடித்து உட்கார வைப்பது எப்படி? முதல் கட்டத்தைப் பாருங்கள். மரியோ திரையின் இடதுபக்கம் நிற்கிறார். வலதுபக்கம் காலியாக இருக்கிறது. ‘இப்படிப் போ’ என்று யாரும் சொல்லவில்லை. ஆனால், கை தானாக வலதுபக்கம்தான் ஓட்டும். எதிரே முறைத்தபடி ஒரு பூச்சாண்டி வருகிறது. மோதினால் லைஃப் போச்சு. சில நொடிகளில் மறுபடி தொடக்கத்திலிருந்து. இந்த முறை குதிக்கிறோம். அதன் தலையில் விழுந்தால் அது நசுங்குகிறது. பாடம் ஒன்று முடிந்தது!

அடுத்து, கேள்விக்குறி போட்ட பெட்டி. முட்டினால் காளான் வருகிறது. அது நகர்ந்துபோய், குழாயில் மோதி நம்மை நோக்கியே திரும்புகிறது. பயந்து குதித்தாலும், மேலே இருக்கும் செங்கல் தலையில் இடித்துக் கீழே தள்ளிவிடும். காளான் மேலே பட்டதும் மரியோ பெரிதாகிறார். ‘ஓ, இது நல்லது!’ பாடம் இரண்டு.

கொஞ்சம் தள்ளி, எதிரெதிரே இரண்டு படிக்கட்டுகள். நடுவில் வெறும் தரை; தவறி விழுந்தாலும் ஆபத்தில்லை. அதைத் தாண்டினால் அதேபோல் இன்னொரு ஜோடி; இப்போது நடுவில் பள்ளம். முதலில் பயிற்சி, பிறகுதான் பரீட்சை. நல்ல ஆசிரியர் செய்வதும் இதுதானே!

பட்டனை லேசாகத் தட்டினால் சின்னக் குதி, அழுத்திப் பிடித்தால் பெரிய குதி. வேகமாக ஓடிவிட்டு நிறுத்தினால் மரியோ கொஞ்சம் சறுக்கித்தான் நிற்பார். அதனால்தான் தோற்றாலும் கேம் மீது கோபம் வராது. ‘அரை நொடி முன்னாடியே குதிச்சிட்டேன்’ என்று நமக்கே தெரியும். உடனே மறுபடி ஆடத் தோன்றும்.

இன்று போனில் இருக்கும் பல கேம்கள் இதற்கு நேர்மாறு. ‘இங்கே தொடு, அங்கே தொடு’ என்று விரல் படம் போட்டுக் காட்டும். தோற்றால் ‘விளம்பரம் பார், இல்லை காசு கட்டு’ என்கும். மரியோவில் காசு கொடுத்து லைஃப் வாங்க முடியாது. 100 நாணயம் சேர்த்தால் ஒரு லைஃப் கிடைக்கும். அதையும் நாமே குதித்துக் குதித்துத்தான் சேர்க்க வேண்டும்.

உங்கள் வீட்டுப் பிள்ளை மரியோ ஆட உட்கார்ந்தால், ஒன்றே ஒன்று செய்யுங்கள். பக்கத்திலிருந்து ‘இப்போ குதி!’ என்று கத்தாதீர்கள். இரண்டு முறை விழட்டும். மூன்றாவது முறை தானாகத் தாண்டும்போது அந்த முகத்தைப் பாருங்கள். அந்தச் சந்தோஷத்துக்கு வயதே ஆகவில்லை!