அணைத்த பின்னும் அணையாத மின்சாரம்

மின்சாரத்துக்கும் மனிதனுக்கும் நெடுநாளாக ஓர் உடன்படிக்கை இருந்து வருகிறது. மீட்டருக்குப் பக்கத்திலுள்ள மெயின் ஸ்விட்சை அணைத்தால் வீட்டில் மின்சாரம் நின்றுவிடும் என்பதே அது. எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியும் இதனை அறிவாள். குழந்தைக்கு ஷாக் அடித்தால் மெயினுக்கு ஓடுகிறோம். வயரில் புகை கிளம்பினால் மெயினுக்கு ஓடுகிறோம். தீயணைக்க வருகிறவரும் முதலில் தேடுவது அதனையே. கூரைமேல் சூரிய மின்தகடுகளும் சுவரோரம் பாட்டரியும் ஏறிய வீடுகளில் இவ்வுடன்படிக்கை முறிந்துவிட்டது. முறிந்த செய்தியை வீட்டாருக்கு அறிவிக்கும் பொறுப்பு, பெட்டிகளின்மேல் ஒட்டப்பட்டிருக்கும் சில சிறு சீட்டுகளின் தலையில் சுமத்தப்பட்டிருக்கிறது. அச்சீட்டுகள் அப்பொறுப்பை நிறைவேற்றுகின்றனவா என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் விஷயம்.

இது சில செல்வந்தர் வீட்டுச் சங்கதியன்று. ஒரு கோடி வீடுகளின் கூரைகளில் சூரிய மின்சாரம் விளைவிக்க வேண்டுமென்று, 75,021 கோடி ரூபாய் மதிப்பிட்டு, இந்திய சர்க்கார் 2024ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் ஒரு பெருந்திட்டத்தைத் தொடங்கினர். 3 கிலோவாட் அமைப்பு வைக்கும் குடும்பத்துக்கு அத்திட்டப்படி 78,000 ரூபாய் மானியம் வகுக்கப்பட்டது. தன் கூரையில் விழும் வெயிலைத் தானே மின்சாரமாக்கிக்கொள்ளும் குடும்பம் சுயதேவைப் பூர்த்தியில் ஒரு நல்ல படி ஏறுகிறது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், நன்மை பெரிதாயிருப்பதனாலேயே அதனோடு வரும் அபாயத்தைப் பேசாமல் விடலாகாது. லக்ஷக்கணக்கான வீடுகளில் ஒரே தவறு ஒரே விதமாகப் பொருத்தப்பட்ட பிறகு அதனைத் திருத்துவது எளிதன்று.

அபாயத்தின் தன்மை யாது? சூரிய மின்தகட்டுக்கு ஸ்விட்ச் கிடையாது. அதன்மேல் வெளிச்சம் விழும்வரை அது மின்சாரத்தைப் பிறப்பித்துக்கொண்டேயிருக்கும். 3 கிலோவாட் அமைப்பொன்றில் ஏறக்குறைய 50 வோல்ட் தரும் தகடுகள் ஆறு, சங்கிலிபோல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். அச்சங்கிலியின் இரு முனைகளுக்கிடையே 300 வோல்ட் நிற்கிறது. அதுவும் ஒரே திசையில் ஓடும் டி.ஸி. மின்சாரம். நம் வீடுகளுக்கு வரும் ஏ.ஸி. மின்சாரம் விநாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டு மீள்கிறது. ஆதலின் தொடர்பு விடும் இடத்தில் எழும் தீப்பொறி தானே அவிந்துவிட இடமுண்டு. டி.ஸி. மின்சாரத்துக்கு அத்தகைய இடைவெளி இல்லை. ஓட்டத்தின்போது இணைப்பைப் பிடுங்கினால், பிடுங்கிய இடத்தில் நெருப்பு வில்லாக வளைந்து நின்று எரியும்.

இந்த மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றுவது இன்வர்ட்டர். பாட்டரியின்றி, தெருக் கம்பியோடு மட்டும் இணைந்துள்ள இன்வர்ட்டர், தெருவில் மின்சாரம் நின்ற க்ஷணமே தானும் நின்றுவிடும்படி அமைக்கப்படுகிறது. கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனின் உயிரைக் காக்கும் ஏற்பாடு இது, மிகவும் போற்றத்தக்கது. ஆனால் வீட்டுக்காரர் கண்ணுக்குத் தெரிவது என்ன? விளக்கு அவிந்தது, விசிறி நின்றது, ஆகையால் எல்லாம் நின்றதென்று அவர் நினைக்கிறார். கூரையிலிருந்து இன்வர்ட்டர் வரையில் இறங்கும் வயர்களிலோ, பகல் முழுவதும் அந்த 300 வோல்ட் உயிரோடு இருக்கிறது.

பாட்டரி சேர்ந்தால் நிலைமை தலைகீழாகிறது. மெயினை அணைப்பதும் தெருவில் மின்சாரம் நிற்பதும் அந்த அமைப்புக்கு ஒன்றே. "மின்வெட்டு வந்துவிட்டது, இனி நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பாட்டரி உடனே வேலையை ஏற்றுக்கொள்கிறது. மெயினை அணைத்தவர் கண்ணெதிரிலேயே விளக்கு தொடர்ந்து எரிகிறது. தமிழ்நாட்டாருக்கு இது முற்றிலும் புதிதன்று. 2012ஆம் வருஷத்து நீண்ட மின்வெட்டுகளின்போது வீடுதோறும் புகுந்த சாதாரண இன்வர்ட்டரே, மெயினை நம்பி வயரைத் தொடலாகாது என்னும் பாடத்தைக் கற்பித்தது. இப்போது பாட்டரியின் வலிமை பன்மடங்கு பெருகியிருக்கிறது. கூரையிலிருந்து ஓர் ஊற்று, தெருவிலிருந்து ஓர் ஊற்று, பாட்டரியிலிருந்து ஓர் ஊற்று என்று ஒரே வீட்டில் மூன்று ஊற்றுகள். மூன்றுக்கும் வெவ்வேறு ஸ்விட்சுகள். எந்த ஸ்விட்ச் எந்த ஊற்றை அடைக்கும்? இதனைச் சொல்வதற்கே சீட்டுகள் ஏற்பட்டன.

இத்துறையில் நமக்கு முன்னே சென்ற தேசங்களின் அனுபவத்தைச் சிறிது பார்ப்போம். அமெரிக்காவில் அண்டர்ரைட்டர்ஸ் லாபரட்டரீஸ் என்னும் ஸ்தாபனம் 2011ஆம் வருஷத்தில் வெளியிட்ட ஆராய்ச்சியில், தீயில் சிதைந்த தகடுகளும் மின்சாரம் தரக்கூடும் என்றும், இரவில் தீயணைப்போர் கொண்டுவரும் பெருவிளக்குகளின் ஒளியிலேயே தகடுகள் அபாயகரமான மின்சாரம் பிறப்பிக்கக்கூடும் என்றும் கண்டனர். 2013ஆம் வருஷம் செப்டம்பர் முதல் தேதி நியூ ஜெர்ஸியிலுள்ள டெலான்கோ என்னும் ஊரில் ஒரு பெருங்கிடங்கு தீப்பற்றியபோது, கூரையில் ஆயிரக்கணக்கான தகடுகள் இருந்த காரணத்தால் ஆட்களைக் கூரைமேல் ஏற்ற அதிகாரிகள் அஞ்சினர். அது வீடன்று, கிடங்குதான். ஆயினும் அச்சத்தின் காரணம் ஒன்றே.

இவ்வச்சத்தைப் போக்கவே அந்நாட்டு மின்சார விதித்தொகுப்பின் 2014ஆம் வருஷத்துப் பதிப்பு, 'விரைவு நிறுத்தம்' என்னும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்கிற்று. தகடுகளின் வரிசையிலிருந்து பத்தடிக்கு அப்பால் செல்லும் வயர்களில் மின்னழுத்தம் பத்து விநாடிக்குள் 30 வோல்ட்டுக்குத் தாழ வேண்டும் என்பது விதி. வரிசைக்குள் இருக்கும் வயர்களைப் பற்றி அது கவலைப்படவில்லை. 2017ஆம் வருஷத்துப் பதிப்பு இன்னும் ஒரு படி சென்று, வரிசைக்குள்ளேயும் 30 விநாடிக்குள் 80 வோல்ட்டுக்குத் தாழ்த்தலாம் என்று வழி வகுத்தது. நல்ல திருத்தமே. ஆனால் சீட்டின் கதி யாதாயிற்று? "இவ்வீட்டில் விரைவு நிறுத்தம் உண்டு" என்ற ஒரே தலைப்பின்கீழ் இரண்டு விதச் சீட்டுகள் தோன்றின. தலைப்பு மஞ்சள் நிறத்திலிருந்தால் வரிசைக்குள்ளும் அபாயம் குறையும். சிவப்பிலிருந்தால் வரிசைக்கு வெளியே மட்டும் நிற்கும், உள்ளே வெயிலில் மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும். பழைய வீடுகளிலோ இந்தப் பேதமே காட்டாத பழைய சீட்டு. புகையினூடே டார்ச் விளக்கோடு ஓடிவரும் ஒருவர், நிறத்தையும் சிற்றெழுத்தையும் வீடு கட்டிய வருஷத்தையும் சேர்த்துப் பார்த்துத் தம் உயிருக்கு வழி தேட வேண்டியதாயிற்று.

அதுவும் நிற்க. 2020ஆம் வருஷத்துப் பதிப்பு, வீட்டுக்கு வெளியே ஓர் 'அவசரத் துண்டிப்பு' வைக்க வேண்டுமென்று ஆணையிட்டது. தீயணைப்போர் உள்ளே புகாமலே மின்சாரத்தை நிறுத்துவதற்கான ஏற்பாடு அது. ஆனால் அந்த ஸ்விட்ச் இருக்கும் இடத்தின் இலக்கணத்துக்குத் தக்கபடி அதற்கு மூன்று பெயர்கள் வகுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, "அவசரத் துண்டிப்பு, சர்வீஸ் சாதனமன்று" என்று முடிகிறது. எஞ்சினீயருக்கு இதில் நுட்பமான பொருள் உண்டு. மற்றவருக்கோ, இந்த ஸ்விட்ச் வேலை செய்யுமா செய்யாதா என்ற சந்தேகமே மிஞ்சும். தெருவிலிருந்து வரும் மின்சாரத்தை நிறுத்தும் அந்த ஸ்விட்ச், சுவருக்கு உள்ளேயிருக்கும் பாட்டரியையும் நிறுத்துமென்று பெயரைக் கொண்டு முடிவு செய்ய இயலாது.

ஆஸ்திரேலியாவின் அனுபவம் மற்றொரு பாடம் புகட்டுகிறது. அந்நாட்டில் 2012ஆம் வருஷத்து நியமம், கூரைமேலேயே தகடுகளுக்குப் பக்கத்தில் ஒரு டி.ஸி. துண்டிப்பு ஸ்விட்ச் வைக்கும்படி விதித்தது. பாதுகாப்புக்காக வைத்த அந்த ஸ்விட்ச், வருஷக்கணக்கில் வெயிலில் வெந்து, மழைநீர் உட்புகுந்து, தானே தீப்பற்றத் தொடங்கிற்று. கூரைத் தீ விபத்துகளுக்கு அதுவே ஒரு முக்கிய காரணமென்று கண்டபின், 2021ஆம் வருஷத்துத் திருத்தத்தில் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. எனவே, இன்னும் ஒரு ஸ்விட்ச், இன்னும் ஒரு சீட்டு என்று கூட்டிக்கொண்டே போவது பாதுகாப்பாகாது. அதே தேசத்தில் சிறந்ததொரு வழக்கமும் உண்டு. சூரிய மின்தகடு உள்ள வீட்டின் மீட்டர்ப் பெட்டியில் பளிச்சென்று ஒளி வீசும் பச்சை வட்டமொன்றில் இரண்டே எழுத்துகள் பொறித்து ஒட்டுகிறார்கள். நிறுத்தும் முறையை அங்கேயே படிப்படியாக எழுதியும் வைக்கிறார்கள். வருகிறவர் கண்ணில் முதலில் படவேண்டியது முதலில் படுகிறது.

இவற்றிலிருந்து நாம் அறியவேண்டுவது ஒன்றுண்டு. சீட்டுகளில் பெரும்பாலானவை, ஸ்விட்சை அணைத்தால் எது நிற்கும் என்பதை மட்டும் சொல்கின்றன. எது நிற்காது என்பதைச் சொல்வதில்லை. மனிதர் உயிர் இழப்பதோ நிற்காததனால். அணைக்கப்படாத ஸ்விட்சைக் கண்டு யாவரும் அஞ்சுவர். அணைத்துவிட்டோம் என்ற தவறான நம்பிக்கையோ அச்சத்தையே போக்கிவிடுகிறது. உற்பத்தியாளர் தம் பொறுப்பைக் கழித்துக்கொள்ள ஒரு சீட்டு ஒட்டுகிறார். விதி கேட்கிறதென்று ஒப்பந்தக்காரர் ஒரு சீட்டு ஒட்டுகிறார். மின்சார இலாகாவுக்காக ஒன்று. படிக்கப் போகிறவரை நினைத்து எழுதியவர் எவருமிலர்.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே சுவரில் ஏ.ஸி.டி.பி. என்றும் டி.ஸி.டி.பி. என்றும் பெயர் தாங்கிய இரண்டு பெட்டிகள் அடுத்தடுத்துத் தொங்குகின்றன. பொதுவான முறை, ஏ.ஸி. பக்கத்தை முதலிலும் டி.ஸி. பக்கத்தைப் பின்னரும் அணைப்பது. அணைத்த பின்னரும் இன்வர்ட்டருக்குள் தேங்கிய மின்சாரம் வடியச் சில நிமிஷங்கள் பொறுத்தல் வேண்டும். நான்கு ஆங்கில எழுத்துகளைக் கண்டு இவற்றையெல்லாம் யார் ஊகிக்க முடியும்? சீட்டுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. ஆபத்து வரும் வேளையில் வீட்டிலிருப்பவர் பெரும்பாலும் பெண்களும் முதியோரும் சிறுவருமே. வரி வசூலிக்கும் காகிதம் தமிழில் வருகிறது. உயிர் காக்கும் எழுத்து மட்டும் தமிழில் வரலாகாதா? மேலும், மின்தகட்டுக்கு 25 வருஷம் உத்தரவாதம் பேசுகிறார்கள். வெயிலில் வைத்த காகிதச் சீட்டோ அவ்வளவு காலம் தாங்குவதில்லை. வெளுத்துப்போன எச்சரிக்கை, எச்சரிக்கையே இல்லாமைக்குச் சமானம்.

"இவையெல்லாம் நிபுணர் காரியம், வீட்டார் தொடாதிருந்தால் போதும்" என்று கூறுவாரும் உளர். பழுது பார்ப்பது நிபுணர் காரியமே. அதில் நமக்கு மாறுபட்ட கருத்தில்லை. ஆனால் தீயும் வெள்ளமும் நிபுணர் வரும்வரை காத்திருப்பதில்லை. வெள்ளநீர் படியேறும்போது எதனை அணைப்பது, எதனைத் தொடாது விலகுவது என்னும் அறிவு வீட்டாருக்கே வேண்டும். லிதியம் பாட்டரி ஒன்று உள்ளுக்குள் கொதிக்கத் தொடங்கிவிட்டால் எந்த ஸ்விட்சும் அதனை அடக்காது. வீட்டைவிட்டு வெளியேறித் தீயணைப்போரை அழைப்பதே வழி. இதையும் பாட்டரியின் சீட்டு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

வேண்டுவன மிகச் சிலவே. மீட்டருக்குப் பக்கத்தில், எளிதில் அழியாத தகட்டில் எழுதிய ஒரே அறிவிப்பு. அதில் இவ்வீட்டுக்கு எத்தனை ஊற்றுகள் என்பதும், ஒவ்வொன்றின் ஸ்விட்சும் எங்கே என்பதும் ஒரு சிறு படமாக இருத்தல் வேண்டும். அணைக்கும் வரிசை 1, 2, 3 என்று இருத்தல் வேண்டும். ஒவ்வொரு ஸ்விட்சின் கீழும் இரண்டு வரிகள் போதும்: இதனை அணைத்தால் நிற்பது இது, நிற்காதது இது. எல்லாம் தமிழில், தூர நின்று படிக்கத்தக்க எழுத்தில். அமைப்பைப் பொருத்தியவர், குடும்பத்தார் யாவரையும் அழைத்து ஒருமுறை அணைத்துக் காட்டி, அவர்களைக் கொண்டே மறுமுறை அணைக்கச் செய்த பின்னரே பணி முடிந்ததாகக் கொள்ளல் வேண்டும். எந்தெந்த வீட்டில் பாட்டரி உண்டென்ற ஜாபிதா அவ்வட்டாரத் தீயணைப்பு நிலையத்திலும் மின்சார அலுவலகத்திலும் இருத்தல் வேண்டும்.

இவற்றுக்கு ஆகும் செலவு, அமைப்பின் விலையோடு ஒப்பிட்டால் அற்பம். கிராம சபைகளிலும் நகரசபைகளிலும் பணியாற்றும் அன்பர்கள் இதனைத் தங்கள் காரியமாக மேற்கொள்ளலாம். மானியம் கொடுக்கும் சர்க்கார், அந்த மானியத்துக்கு நிபந்தனையாகவே இவ்வறிவிப்பை விதிக்கலாம். தகடுகளின் எண்ணிக்கையைக் கொண்டு திட்டத்தின் வெற்றியை அளப்பது இயல்பே. அத்துடன் இன்னுமோர் அளவுகோலும் வேண்டும்: நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும், அந்த வீட்டின் பத்து வயதுச் சிறுமி எந்த ஸ்விட்சை முதலில் அணைக்க வேண்டும், எந்த வயரை அதன் பின்னரும் தொடலாகாது என்று தயங்காமல் சொல்ல வேண்டும். அவள் சொல்லும் நாள் வரையில், கூரையில் ஏறிய மின்சாரம் நமக்குச் சொந்தமாயிற்றென்று நாம் கருதுவதற்கில்லை.