விலாவில் எழும் வலியை அலட்சியம் செய்யலாகாது: இரத்த நோயாளர்களும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

இரத்தம் எளிதில் உறையும் நோயுடையோர், காலில் வீக்கமோ மூச்சுத் திணறலோ ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்பதை அறிவர். அவற்றோடு இன்னோர் அறிகுறியையும் நினைவிற்கொள்ளுமாறு வேண்டுகிறோம். காரணம் புலப்படாமல் விலாவிலோ மேல்வயிற்றிலோ முதுகிலோ திடீரென எழும் கடும் வலியே அது. அரிதாக, அட்ரினல் சுரப்பி இரத்த ஓட்டமின்றிச் சேதமடைவதாலும் அவ்வலி தோன்றலாம்.

சிறுநீரகம் ஒவ்வொன்றின் மேலும் ஓர் அட்ரினல் சுரப்பி அமைந்துள்ளது. அதன் எடை சில கிராம்களே. எனினும், இரத்த அழுத்தத்தையும் உடலின் உப்புச் சமநிலையையும் காக்கும் கார்ட்டிசால், ஆல்டோஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களை அதுவே சுரக்கிறது. பல சிறு தமனிகள் சுரப்பிக்கு இரத்தத்தைக் கொண்டுவருகின்றன. அதை வெளியேற்றுவதோ பெரும்பாலும் ஒரே சிரை. வாய்க்கால்கள் பல, வடிகால் ஒன்று. அச்சிரையில் இரத்தம் உறைந்தால் சுரப்பி வீங்கி, திசுக்கள் மடியும்; உள்ளே இரத்தக்கசிவும் நேரலாம்.

ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம், சிவப்பணுக்கள் மிகும் பாலிசைத்தீமியா வேரா, தட்டணுக்கள் அளவின்றிப் பெருகும் நோய் ஆகியவற்றில் இந்நிலை காணப்பட்டுள்ளது. அறுவை சிகிச்சை, கடும் தொற்று, கர்ப்பகாலம் ஆகியவற்றின்போதும், இரத்த உறைவுத் தடுப்பு மருந்தை இடையில் நிறுத்தும்போதும் கூடுதல் கவனம் தேவை.

ஒரு சுரப்பி மட்டும் பழுதுற்றால் மற்றொன்று பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். இரண்டும் பழுதுற்றால் இரத்த அழுத்தம் சரியும். வாந்தி, மிகுந்த சோர்வு, மனக்குழப்பம் தோன்றும். இரத்தத்தில் சோடியம் குறைந்து பொட்டாசியம் உயரும். இது உயிருக்கு ஆபத்தான நிலை. ஆகவே, ஐயம் வலுத்தால் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியும் உப்புநீர்ச் சலைனும் செலுத்துகிறோம். சி.டி. ஸ்கேனும் கார்ட்டிசால் அளவும் நோயை உறுதிப்படுத்த உதவும். இரத்தக்கசிவின் அளவை ஆராய்ந்த பின்னரே உறைவுத் தடுப்பு மருந்து பற்றி முடிவெடுக்கிறோம்.

1855-இல் லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் இச்சுரப்பிகள் அழிவதால் வரும் நோயை விவரித்தபோது, அதற்கு மருந்து இருக்கவில்லை. இன்று அன்றாட மாத்திரைகளால் இயல்பான வாழ்வு வாழ இயலும். ஆனால், குடும்பத்தினர் சிலவற்றைத் தவறாது கடைப்பிடிக்க வேண்டும்.

ஸ்டீராய்டு மாத்திரையை ஒருநாளும் தாமாக நிறுத்தலாகாது. காய்ச்சலின்போது மருத்துவர் முன்னரே எழுதித் தந்தவாறு அளவைக் கூட்ட வேண்டும். வாந்தியால் மாத்திரை வயிற்றில் தங்காவிடில், தாமதமின்றி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். நோயின் பெயரும் மருந்தின் அளவும் குறித்த அட்டையை எப்போதும் உடன் வைத்திருத்தல் நன்று.

விலாவலியை வாயுவென்றோ சிறுநீரகக் கல்லென்றோ நீங்களே முடிவுசெய்து காத்திருக்க வேண்டாம். அவசரப் பிரிவுக்கு வந்தவுடன், “இவருக்கு இரத்தம் உறையும் நோய் உள்ளது” என்பதை முதற்கண் கூறுங்கள். அந்த ஒரு சொற்றொடர் எங்களுக்குச் சரியான திசையைக் காட்டும்.