‘தூங்குமூஞ்சி’ இல்லைங்க... பிறவியிலேயே இமை இறங்கியிருப்பது ஏன்?

ஸ்கூல் குரூப் போட்டோவில் ஒருவர் மட்டும் பாதித் தூக்கத்தில் இருப்பதுபோலத் தெரிவார். உடனே ‘தூங்குமூஞ்சி’னு ஒரு பட்டப்பெயர். ஆனா, அவருக்குத் தூக்கம் வரலை பாஸ். அது ‘டோசிஸ்’ என்ற பிறவிக் குறைபாடாக இருக்கலாம்.

ஏன் வருது?

மேலிமையைத் தூக்குவது ‘லிவேட்டர்’ என்ற தசை. கருவில் அது சரியாக வளராவிட்டால், தசை இருக்கவேண்டிய இடத்தில் நாரும் கொழுப்பும் சேர்ந்துவிடும். இமை மேலே ஏறாது. பெரும்பாலும் ஒரு கண்ணில்தான் இப்படி இருக்கும்.

சில குடும்பங்களில் இது பரம்பரையாக வரும். ‘பிளெஃபரோஃபைமோசிஸ்’ அப்படி ஒரு வகை. 3-வது குரோமோசோமில் இருக்கும் ஃபாக்ஸ்எல்2 மரபணுவின் மாற்றமே காரணம். இரண்டு இமைகளும் இறங்கி, கண்கள் சிறுத்துத் தெரியும். அம்மா, அப்பாவில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு குழந்தைக்கும் வர 50 சதவிகித வாய்ப்பு உண்டு. இதில் ஒரு பிரிவில், பெண்களுக்குச் சினைப்பை இளம் வயதிலேயே செயலிழக்கலாம். அதனால், மகப்பேறு மருத்துவரின் ஆலோசனையும் அவசியம்.

கிண்டலைவிடப் பெரிய பிரச்னை

பார்க்கக் கத்துக்கறது கண் மட்டுமல்ல, மூளையும்தான். குழந்தைப் பருவத்தில் இமை கண்மணியை மறைத்தால், அந்தக் கண்ணை மூளை ஒதுக்கிவிடும். இதுதான் ‘சோம்பேறிக் கண்’. இமையின் அழுத்தத்தால் சிலிண்டர் பவரும் வரலாம். ‘வளர்ந்தா சரியாகிடும்’னு வருஷக்கணக்கில் காத்திருந்தால், பிறகு இமையைத் தூக்கிவிட்டாலும் பார்வை முழுசாகத் திரும்பாமல் போகலாம்.

வீட்டில் குட்டிப் பாப்பா இருந்தால், போன் கேலரியைக் கொஞ்சம் புரட்டுங்க. எல்லா போட்டோவிலும் ஒரே பக்க இமை இறங்கியிருக்கா? தாடையைத் தூக்கி, புருவத்தை உயர்த்தித்தான் பார்க்குதா? அப்படின்னா, குழந்தைகள் கண் மருத்துவரிடம் காட்டிடுங்க.

என்ன சிகிச்சை?

லேசாக இருந்தால் கண்காணிப்பு போதும். சோம்பேறிக் கண் இருந்தால் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைத்துப் பயிற்சி தருவார்கள். தேவைப்பட்டால் அறுவை சிகிச்சையில் தசையைச் சுருக்கித் தைப்பார்கள். தசையில் வலுவே இல்லையென்றால், இமையை நெற்றித் தசையோடு இணைப்பார்கள். பொதுவாக இதை 3 முதல் 5 வயதில் செய்வார்கள். கண்மணி மறைந்தால் அதற்கு முன்பே செய்துவிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை: நல்லா இருந்த இமை திடீர்னு இறங்கினால் அது வேறு கதை. கூடவே தலைவலி, இரட்டைப் பார்வை இருந்தால் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்க!