ரோசாக் கிண்ணமும் சீனன்குடாவும்

சீனன்குடாவிலே பிறந்து வளர்ந்தவர்களுக்கு எண்ணெய்த் தாங்கிகள் மலையும் மரமும் போல இயற்கையாகவே தோன்றும். இரண்டாம் உலக மகாயுத்தத்துக்கு முன்னர், தம் கப்பற்படைக்கென ஆங்கிலேயர் காட்டுக்குள்ளே கட்டிவைத்த அப்பெரும் இரும்புத் தாங்கிகளுள் 99 இன்று எஞ்சி நிற்பதாகக் கணக்குச் சொல்லுவர். எஞ்சாது போனவற்றுள் ஒன்றின் கதையை எங்கள் ஊரிற் சிறு பிள்ளையும் அறியும். 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் திகதி காலையில் யப்பானிய விமானம் ஒன்று அதன்மேல் வந்து வீழ்ந்தது என்றும், தீ ஏழு நாட்கள் எரிந்தது என்றும் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். உருகி நெளிந்து கிடக்கும் இரும்பைக் காண வெளியூரார் இன்றும் வருகின்றனர்.

அந்த நாளுக்குச் சரியாகப் பதினான்கு வாரங்களுக்கு முன், அதுவும் ஒரு வியாழக்கிழமையில், அமெரிக்காவின் கீழ்க்கரையோர மாநிலம் ஒன்றிலே இரண்டு கல்லூரிகளுக்கிடையில் ஓர் ஆட்டம் நடைபெற்றது. அந்த ஆட்டத்துக்கும் எங்கள் தாங்கிக்கும் என்ன உறவு என்று வாசகர் வினவலாம். அங்கே ஆட்டக்களத்தை மாற்றுவித்த அச்சமும், இங்கே தாங்கியை எரித்த நெருப்பும் ஒரே கப்பற்படையிலிருந்து புறப்பட்டவை. இதனை நான் அறிந்தது நடுவயதுக்குப் பின்னரே. அறிந்த நாள் முதல் அந்த ஆட்டம் என் மனத்தை விட்டு அகலவில்லை.

அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்று சொல்லுவது நாம் ஆடும் உதைபந்தாட்டமன்று. பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடுவதும், எதிரியை இடித்து வீழ்த்துவதுமே அதிற் பெரும்பகுதி. கண்டியிலும் கொழும்பிலும் ஆடும் றக்பிக்கு அது ஒன்றுவிட்ட சகோதரம் எனலாம். கால் தொடுவது அருமையாகிய ஓர் ஆட்டத்துக்குக் காலின் பெயரை ஏன் இட்டார்களோ! அது நிற்க, அந்நாட்டுச் சர்வகலாசாலைகள் பருவம் முழுவதும் தத்தம் அயலாருடன் ஆடி முடித்தபின், சிறந்து விளங்கிய அணிகளை அழைத்துப் புத்தாண்டை ஒட்டி ஓர் இறுதி ஆட்டம் ஆடுவிப்பது அங்குள்ள வழக்கம். ஆடும் அரங்கு கிண்ணம் போலக் குழிந்திருப்பதால் ஆட்டத்துக்கும் கிண்ணம் என்றே பெயராயிற்று.

இவற்றுள் மூத்தது கலிபோர்ணியாவின் பசடீனா நகரத்து ரோசாக் கிண்ணம். 1902-ஆம் ஆண்டின் முதல் நாளில் மிச்சிகன் அணி ஸ்டான்போர்ட் அணியை 49-க்குப் பூச்சியம் என்று துவைத்தெடுத்தது. பார்த்தவர்கள் சலித்துப் போயினர் போலும். சில ஆண்டுகள் அந்நகரத்தார் பந்தாட்டத்தைக் கைவிட்டு உரோமாபுரி மாதிரியிலே தேரோட்டப் பந்தயம் நடத்திப் பார்த்தனர். 1916-இல் மீண்டும் பந்துக்கே திரும்பினர்.

நம்மவருக்கு இதை விளக்க நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் கிரிக்கெட் ஆட்டத்தை ‘வடக்கின் பெரும் போர்’ என்கிறோம். கொழும்பில் றோயல் கல்லூரிக்கும் தோமையர் கல்லூரிக்கும் நடக்கும் ஆட்டம் அதனிலும் மூத்தது. கொடியும் மேளமும், பழைய மாணவரின் ஆரவாரமும், வகுப்பை விட்டோடிய பையன்களும் என எல்லாம் ஒன்றே. ஆட்டத்துக்குப் போர் என்று பெயர் சூட்டுவதிலே நமக்கு ஓர் ஆசை. உண்மைப் போர் வந்தபோது அந்தப் ‘போர்’ நின்றுபோன ஆண்டுகளும் உண்டு.

1941 டிசம்பர் 7-ஆம் திகதி. அட்மிரல் நகுமோவின் கட்டளையின்கீழ் ஆறு விமானந்தாங்கிக் கப்பல்கள் ஹவாயித் தீவின் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கின. அடுத்த தாக்குதல் கலிபோர்ணியாவிலே என்று மேல்கரை முழுவதும் நடுங்கிற்று. பசடீனாவில் பல்லாயிரம் பேர் ஓரிடத்தில் கூடுவது ஆபத்து என்று அப்பகுதியின் இராணுவத் தளபதி ஜோன் டிவிற் கருதினார். ஆட்டம் கைவிடப்படும் நிலை வந்தது. அப்போது, ஆட அழைக்கப்பட்டிருந்த இரண்டு அணிகளுள் ஒன்றாகிய டியூக் சர்வகலாசாலையார், “எங்கள் ஊருக்கே வாருங்கள்” என்றனர். இவ்வாறு ரோசாக் கிண்ணம் வட கரோலைனா மாநிலத்து டேர்ஹம் நகருக்குப் பெயர்ந்தது. அயற் சர்வகலாசாலைகளிலிருந்து ஆசனப் பலகைகளை இரவல் வாங்கி அடுக்கினார்கள். எதிரணியான ஒரேகன் மாநிலக் கல்லூரி வீரர்கள் கண்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் புகையிரதத்தில் நாட்கணக்கிற் பிரயாணம் செய்தனர்.

எல்லோரும் பிரயாணம் செய்யவில்லை. ஒருவரை வண்டியேற விடவில்லை. ஜாக் யோஷிஹாரா யப்பானிலே பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே அமெரிக்கா வந்தவர். ஒரேகன் அணியிலே ஆடியவர். பயிற்சி நடந்துகொண்டிருந்த மைதானத்துக்குச் சமஷ்டி அரசின் துப்பறியும் அதிகாரிகள் வந்தார்கள். அவர் டேர்ஹம் செல்லலாகாது என்று தெரிவித்தார்கள். யப்பானிய வம்சத்தவர் தம் ஊரைவிட்டுத் தொலைதூரம் போகலாகாதென்பது அப்போதைய கட்டளை. வேறு குற்றம் எதுவும் அவர்மீது சாட்டப்படவில்லை.

புத்தாண்டு நாளில் மழை தூறியது. மழையிலும் 56,000 பேர் வந்தார்கள். அப்பருவத்தில் ஒரு தோல்வியும் காணாத டியூக் அணியே வெல்லும் என்பது பொது எண்ணம். ஒரேகன் அணியின் டொன் டேர்டன் முதலிற் புள்ளி சேர்த்தார், டியூக் ஈடுகொடுத்தது. மூன்றாங் காற்பகுதியில் 14-க்கு 14 என்று நின்ற வேளையில், பொப் டெத்மன் எறிந்த பந்தை ஜீன் கிறே ஏந்தி ஓடினார். மொத்தம் 68 யார். அந்த ஓட்டமே வெற்றியைத் தீர்மானித்தது. இறுதியிலே டியூக் இரண்டு புள்ளிகளை மீட்டும் பயனில்லை. 20-க்கு 16.

ஆக, கலிபோர்ணியாவிலே ஆட்டம் நடக்கவில்லை. எதிரியின் விமானந்தாங்கிகளும் அங்கே வரவில்லை. நகுமோவின் கப்பல்கள் திசை திரும்பின. பெப்ரவரியில் அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரைத் தாக்கிவிட்டு இந்து சமுத்திரத்துட் புகுந்தன. ஏப்ரல் 5-ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டது. நான்கு நாட்களின் பின் எங்கள் முறை. பேர்ள் துறைமுகத்துக்குச் சென்ற ஆறில் ஐந்து விமானந்தாங்கிகள் அன்று எங்கள் கடலில் நின்றன. துறைமுகத்திலிருந்த ஆங்கிலக் கப்பல்கள் முதல் நாளே கடலுக்கு அனுப்பப்பட்டிருந்தன. ஆயினும் அவற்றுள் ஒன்றாகிய ‘ஹேர்மிஸ்’ என்ற விமானந்தாங்கி மட்டக்களப்புக்கு அப்பால் அகப்பட்டு, முந்நூறுக்கு மேற்பட்டோருடன் மூழ்கிப்போயிற்று. சீனன்குடா விமானத்தளத்திலிருந்து எழுந்த ஹரிக்கேன் விமானங்கள் சிறிது நேரமே எதிர்த்து நின்றன. ஆட்டக்களத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பெயர்க்கலாம், கப்பலையும் ஓட்டிச்செல்லலாம். எண்ணெய்த் தாங்கி என்ன செய்யும்? அதன் நிழலில் வேலை செய்த கூலியாள்தான் என்ன செய்வான்?

டேர்ஹமில் மோதிய இளைஞர்களும் ஒருவர்பின் ஒருவராகப் படையிற் சேர்ந்தனர். அந்த ஆட்டத்தில் ஆடியவருள் நால்வர் யுத்தத்தினின்று திரும்பவில்லை. டியூக் அணியைப் பயிற்றிய வாலஸ் வேட் ஐம்பதைக் கடந்த வயதிலே ஐரோப்பியப் போர்முனைக்குச் சென்றார். இவற்றிலெல்லாம் என்னைப் பெரிதும் தொட்டது இத்தாலியிலே நடந்த ஒரு சம்பவம். டியூக் அணியின் சார்ல்ஸ் ஹேன்ஸ் 1944-இல் ஒரு குன்றின்மேற் குண்டடிபட்டு நெடுநேரம் இரத்தம் சிந்தக் கிடந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கியவர்களுள் ஒருவர் ஒரேகன் அணியிலே ஆடிய பிராங் பார்க்கர். ஈராண்டுக்கு முன் இடித்து வீழ்த்துவதற்கென்றே எதிரெதிர் நின்றவர்கள்!

யோஷிஹாராவோ படிப்பையும் இழந்தார். 1942-இல் மேல்கரை யப்பானியர் யாவரையும் அரசாங்கம் குடிபெயர்த்தபோது ஐடஹோ மாநிலத்து மினிடோக்கா முகாமுக்கு அவரும் அனுப்பப்பட்டார். 2008-இல் ஒரேகன் மாநிலப் பல்கலைக்கழகம், அவ்வாறு படிப்பு முறிந்த பழைய மாணவருக்குக் கௌரவப் பட்டம் வழங்கிற்று. பெற்றவருள் அவரும் ஒருவர். அறுபத்தாறு ஆண்டுகள்!

இனிச் சொல்லப்போவது என் சொந்த விஷயம். 1990-களிலே நானும் ஒரு பாடசாலை உதைபந்தாட்ட அணியில் இருந்தேன். ஆடியவன் என்று சொல்ல நாக் கூசுகிறது; பந்து பொறுக்கியவன், தண்ணீர் சுமந்தவன், யாருக்கேனும் கால் பிசகினால் இறங்கக் காத்திருந்தவன். பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு வெளியூர் புறப்பட்டோம். வழியிலே ஒரு சோதனைச் சாவடியில் அனைவரையும் இறக்கினார்கள். அடையாள அட்டைகளைப் பார்த்தார்கள். எங்கள் அணியின் சிறந்த முன்னணி ஆட்டக்காரனுடைய அட்டையிலே பிறந்த ஊர் எதுவென்று வாசித்தார்கள். அவனை மாத்திரம் மரத்தடியில் இருக்கச் சொன்னார்கள். ஆசிரியர் கெஞ்சினார், கையிலிருந்த கடிதங்களையெல்லாம் காட்டினார். நேரம் போய்க்கொண்டிருந்தது. முடிவில் மற்றோர் ஆசிரியரை அவனுடன் நிறுத்திவிட்டு நாங்கள் பஸ்ஸில் ஏறினோம். அவன் தன் சப்பாத்துப் பையை யன்னல் வழியாக என்னிடம் நீட்டினான். என் சப்பாத்தின் அடி பிளந்திருப்பது அவனுக்குத் தெரியும்.

அன்று அவன் இடத்தில் நான் ஆடினேன். இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். பின்னேரம் அவனை விட்டுவிட்டார்கள். திரும்பும் வழியிலே ஏற்றிக்கொண்டோம். பஸ்ஸுக்குள் எவரும் பேசவில்லை.

அவன் இப்போது கனடாவிலே இருக்கிறான். பெயரை எழுத வேண்டாம் என்கிறான். சென்ற மாதம் தொலைபேசியிலே யோஷிஹாராவின் கதையை ஆதியோடந்தமாக அவனுக்குச் சொன்னேன். பட்டத்தையும் சொன்னேன், முகாமையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அவர் இல்லாமல் அவங்கள் வெண்டவங்களோ?” என்றான்.

“வெண்டவங்கள். இருபதுக்குப் பதினாறு.”

“பாத்தியா,” என்று சிரித்தான். “நாங்கள் தோத்தது உன்னாலதான்டா மச்சான். என்ரை சப்பாத்தையும் கிழிச்சுக் கொண்டுவந்து தந்தனி.”