தொழில்முறை வணிக மேலாண்மை முனைவர் பட்டம்

வணிக மேலாண்மை முனைவர் பட்டம் அல்லது டி.பி.ஏ. என்பது வணிக மேலாண்மைத் துறையில் பல்கலைக்கழகங்கள் வழங்கும் முனைவர் நிலைப் பட்டங்களுள் ஒன்று ஆகும். பல ஆண்டு மேலாண்மைப் பட்டறிவு உடையோர், பெரும்பாலும் பணியில் இருந்துகொண்டே மேற்கொள்ளும் தொழில்முறை முனைவர் பட்டமாக இது இன்று விளங்குகின்றது. மேலாளர் ஒருவர் தம் பணியில் எதிர்கொண்ட சிக்கலை ஆய்வுமுறைப்படி ஆராய்ந்து, அதைப் பற்றிய புதிய அறிவை ஆய்வேடாக அளிப்பதே இப்பட்டத்தின் மையத் தேவை ஆகும்.

எம்.பி.ஏ. பட்டத்தின் உயர்நிலை வடிவம் என்று இது சில வேளைகளில் தவறாகக் கருதப்படுகின்றது. எம்.பி.ஏ. ஏற்கனவே அறியப்பட்டவற்றைப் பயன்படுத்தக் கற்பிக்கின்றது. முனைவர் பட்டமோ இதுவரை அறியப்படாத ஒன்றைச் சான்றுகளுடன் நிறுவுமாறு கேட்கின்றது.

வரலாறு

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளி 1908 இல் தொடங்கப்பட்டது. அப்பள்ளி பல பத்தாண்டுகள் தன் முனைவர் பட்டத்தை டி.பி.ஏ. என்ற பெயரிலேயே வழங்கி வந்தது. பெயர் வேறாக இருந்தபோதும் அது பேராசிரியர்களை உருவாக்கும் முழுநேர ஆய்வுப் பட்டமாகவே இருந்தது. 2018 இல் அப்பள்ளி டி.பி.ஏ. பட்டத்துக்குப் பதிலாக பி.எச்.டி. பட்டத்துக்கு மாறியது. எனவே பழைய ஹார்வர்டு டி.பி.ஏ. பட்டத்தையும் இன்றைய தொழில்முறை டி.பி.ஏ. பட்டத்தையும் ஒன்றாகக் கொள்ளல் ஆகாது.

1959 இல் ஃபோர்டு அறக்கட்டளையும் கார்னிகி நிறுவனமும் ஆதரித்த இரண்டு அறிக்கைகள் ஐக்கிய அமெரிக்காவில் வெளியாயின. வணிகக் கல்வி ஆய்வு அடிப்படையற்றதாக உள்ளது என அவை குறை கூறின. அதன் பின்னர் வணிகப் பள்ளிகள் புள்ளியியல், பொருளியல், உளவியல் ஆகிய துறைகளின் ஆய்வுமுறைகளை விரிவாகக் கைக்கொண்டன. ஆய்வின் கடுமை கூடியது. ஆனால் ஆய்விதழ்களில் வெளியாவன மேலாளருக்குப் பயன்படவில்லை என்ற எதிர்க்குரலும் பின்னாளில் எழுந்தது.

இவ்விடைவெளியை நிரப்பும் முயற்சியாகவே தொழில்முறை முனைவர் பட்டங்கள் பரவின. 1990களில் ஐக்கிய இராச்சியத்திலும் ஆஸ்திரேலியாவிலும் இவை பெருகின. ஐக்கிய அமெரிக்காவில் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் 1995 இல் பணியில் உள்ள மேலாளர்களுக்கான முனைவர் படிப்பைத் தொடங்கியது. ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2009 இல் இத்தகைய படிப்பைத் தொடங்கியது. இவ்வகைப் படிப்புகளை நடத்தும் கல்வி நிறுவனங்களின் கூட்டமைப்பு ஒன்று 2011 இல் உருவானது.

பி.எச்.டி. பட்டத்துடன் ஒப்பீடு

இங்கிலாந்தின் உயர்கல்வித் தகுதிச் சட்டகத்தில் இரு பட்டங்களும் ஒரே நிலையில், அதாவது 8 ஆம் நிலையில், வைக்கப்பட்டுள்ளன. நோக்கத்திலும் தொடக்கப் புள்ளியிலுமே இவை வேறுபடுகின்றன.

- தொடக்கப் புள்ளி: பி.எச்.டி. ஆய்வு பெரும்பாலும் முந்தைய ஆய்வுகளில் காணப்படும் இடைவெளியிலிருந்து தொடங்குகின்றது. டி.பி.ஏ. ஆய்வு பணியிடத்தில் தோன்றும் சிக்கலிலிருந்து தொடங்குகின்றது.
- பங்களிப்பு: முன்னது கோட்பாட்டுக்குப் புதியது சேர்க்க வேண்டும். பின்னது கோட்பாட்டுடன் தொழில் நடைமுறைக்கும் பயன்தர வேண்டும்.
- மாணவர்: முன்னதில் பெரும்பாலும் ஆசிரியப் பணியை நாடுவோர் சேர்கின்றனர். பின்னதில் பலர் பட்டம் பெற்ற பின்னும் மேலாளராகவோ ஆலோசகராகவோ தொடர்கின்றனர்.
- முறை: முன்னது பொதுவாக முழுநேரப் படிப்பு. பின்னது பெரும்பாலும் பகுதிநேரப் படிப்பு.

சேர்க்கையும் கட்டமைப்பும்

பொதுவாக முதுநிலைப் பட்டமும் சில ஆண்டு மேலாண்மைப் பட்டறிவும் கேட்கப்படுகின்றன. படிப்பு மூன்று முதல் ஆறு ஆண்டுகள் வரை நீளலாம். முதல் கட்டத்தில் ஆய்வுமுறையியல், புள்ளியியல், நேர்காணல் தரவுகளைப் பகுத்தாய்தல், முன்னாய்வுகளை மீளாய்தல் ஆகியன கற்பிக்கப்படுகின்றன. அடுத்து ஆய்வு முன்மொழிவு ஏற்கப்பட வேண்டும். பின்னர் தரவு திரட்டல், ஆய்வேடு எழுதுதல், வாய்மொழித் தேர்வு ஆகியன தொடர்கின்றன.

பாடங்களைப் படிக்கும் காலத்தில் கால அட்டவணையும் உடன்பயில்வோரும் மாணவரை வழிநடத்துகின்றனர். ஆய்வேடு எழுதும் காலத்தில் அவர் பெரும்பாலும் தனித்துவிடப்படுகின்றார். பணி உயர்வு, இடமாற்றம், குடும்பப் பொறுப்பு ஆகியன இக்காலத்தில் குறுக்கிடுகின்றன. பாடங்களை முடித்தும் ஆய்வேட்டை முடிக்காமல் நின்றுவிடுதல் முனைவர் படிப்புகளில் நன்கு அறியப்பட்ட சிக்கல் ஆகும்.

சிக்கலிலிருந்து ஆய்வு வினாவுக்கு

பட்டறிவு மிக்க மேலாளருக்கு மிகக் கடினமான படி இதுவே. மேலாளர் விரைந்து முடிவெடுக்கப் பழகியவர். ஆய்வாளரோ முடிவைத் தள்ளிவைக்கப் பழக வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஆலை மேலாளர் ஒருவர், பயிற்சி பெற்ற தொழிலாளர்கள் ஓராண்டுக்குள் விலகிச் செல்வதைக் காண்கின்றார் எனக் கொள்வோம். "விலகலை எவ்வாறு தடுப்பது?" என்பது மேலாண்மைச் சிக்கல். "முதல் ஆண்டில் மேற்பார்வையாளர் தொழிலாளரை நடத்தும் விதத்துக்கும் விலகலுக்கும் என்ன தொடர்பு?" என்பது ஆய்வு வினா. முன்னதற்குச் செயல் விடை ஆகும். பின்னதற்குச் சான்று வேண்டும். கூலியே காரணம் என்று மேலாளர் இருபது ஆண்டுகளாக நம்பியிருக்கலாம். அந்நம்பிக்கை ஆய்வில் ஒரு கருதுகோள் மட்டுமே. தரவு அதைப் பொய்யாக்கினால் அதை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும்.

இதன் பொருள் பட்டறிவு பயனற்றது என்பதன்று. தொழில் வல்லுநர்கள் செயலின் ஊடாகவே சிந்திக்கின்றனர் என்று டொனால்டு ஷோன் 1983 இல் வெளியான தம் நூலில் விளக்கினார். பல்கலைக்கழகத் துறைகளுக்குள் மட்டுமன்றி, பயன்படும் இடத்திலேயே அறிவு உருவாகின்றது என்று மைக்கேல் கிப்பன்சும் பிறரும் 1994 இல் வாதிட்டனர். இக்கருத்துகள் தொழில்முறை முனைவர் பட்டங்களுக்குக் கோட்பாட்டு அடிப்படையாகக் காட்டப்படுகின்றன. எதைக் கேட்க வேண்டும் என்பதைப் பட்டறிவு காட்டுகின்றது. விடை எது என்பதை அது முடிவு செய்ய இயலாது.

கிளேட்டன் கிறிஸ்டென்சன்

தொழில் நடத்தியவர் ஆய்வாளராக மாறியதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு கிளேட்டன் கிறிஸ்டென்சன் (1952–2020) ஆவார். எம்.பி.ஏ. முடித்து மேலாண்மை ஆலோசகராகப் பணியாற்றிய இவர், 1984 இல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர்களுடன் இணைந்து பீங்கான் பொருள் நிறுவனம் ஒன்றைத் தொடங்கி நடத்தினார். பின்னர் ஹார்வர்டில் சேர்ந்து 1992 இல், நாற்பதாம் அகவையில், டி.பி.ஏ. பட்டம் பெற்றார். இவர் பயின்றது மேலே கூறிய முழுநேர ஆய்வுப் பட்டமே.

நன்கு நடத்தப்படும் நிறுவனங்கள் ஏன் வீழ்கின்றன என்ற பரந்த கேள்வியை ஆராய, இவர் கணினி வன்தட்டுத் தொழில் என்னும் ஒரே களத்தைத் தேர்ந்தார். அங்கு தலைமுறைகள் மிக விரைவாக மாறின. 14 அங்குலத் தட்டுகளை 8 அங்குலத் தட்டுகளும், அவற்றை 5.25 அங்குலத் தட்டுகளும், பின்னர் 3.5 அங்குலத் தட்டுகளும் தொடர்ந்தன. தொழில்துறை அறிக்கைகளிலிருந்து தரவுகளைத் தொகுத்தும் நிறுவன மேலாளர்களை நேர்கண்டும் இவர் ஆராய்ந்தார். முன்னணி நிறுவனங்கள் சோம்பலால் வீழவில்லை; தம் சிறந்த வாடிக்கையாளர் கேட்டதையே கவனமாகச் செய்ததால், சிறிய தட்டுகளுக்கான புதிய சந்தைகளைத் தவறவிட்டன என்பது முடிவு. இவ்வாய்வு 1997 இல் வெளியான "தி இன்னோவேட்டர்ஸ் டைலமா" என்ற நூலுக்கு அடிப்படை ஆயிற்று. பரந்த கேள்வியை அளந்தறியத்தக்க களத்துக்குள் சுருக்கியதே இங்கு கற்கத்தக்கது.

உள்ளக ஆய்வாளரின் அறநெறிச் சிக்கல்கள்

தம் சொந்த நிறுவனத்தையே ஆராய்பவர் உள்ளக ஆய்வாளர் எனப்படுகின்றார். வெளியாருக்குக் கிடைக்காத தரவும் சூழல் அறிவும் இவருக்குக் கிடைக்கின்றன. அதே வேளை பின்வரும் சிக்கல்களும் எழுகின்றன.

- ஒப்புதல்: மேலதிகாரி நேர்காணல் கேட்டால் கீழ்ப்பணியாளர் மறுப்பது கடினம். எனவே அவர் தரும் ஒப்புதல் உண்மையில் தன்விருப்பமானதா என்பது கேள்விக்குரியது.
- மறைபொருள் காத்தல்: பெயரை நீக்கினாலும், சிறிய பிரிவில் யார் என்ன கூறினார் என்பது உடன்பணியாளர்க்குத் தெரிந்துவிடலாம்.
- உரிமை: நிறுவனத்துக்குப் பாதகமான முடிவு வந்தால் அதை வெளியிடலாமா என்பது தொடக்கத்திலேயே எழுத்து வடிவில் முடிவு செய்யப்பட வேண்டும்.
- பணி மாற்றம்: மாணவர் வேலையை விட்டு நீங்கினால் தரவும் கைவிட்டுப் போகலாம்.

இக்காரணங்களால் தரவு திரட்டும் முன் பல்கலைக்கழக அறநெறிக் குழுவின் இசைவு கோரப்படுகின்றது.

இந்தியாவில்

இந்திய மேலாண்மைக் கழகங்கள் நீண்டகாலம் பட்டம் வழங்கும் அதிகாரம் இல்லாதிருந்தன. அவற்றின் முனைவர் நிலைப் படிப்பு "ஃபெல்லோ" என்ற தகுதியையே வழங்கியது. 2017 ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுக்குப் பட்டம் வழங்கும் அதிகாரத்தை அளித்தது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 ஆம் ஆண்டு விதிமுறைகள் பகுதிநேர பி.எச்.டி. படிப்பை அனுமதிக்கின்றன. அதில் சேர்பவர், ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்க அவரது அலுவல் இடந்தரும் என்று கூறும் தடையின்மைச் சான்றிதழைப் பணியிடத்திலிருந்து பெற வேண்டும். தொலைநிலை முறையிலோ இணையவழியிலோ பி.எச்.டி. நடத்துவதை இவ்விதிமுறைகள் தடை செய்கின்றன. வெளிநாட்டு நிறுவனங்களுடன் இணைந்து கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்கள் விளம்பரப்படுத்தும் இணையவழி பி.எச்.டி. படிப்புகள் ஏற்கப்படமாட்டா என்று மானியக் குழுவும் அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவும் 2022 அக்டோபரில் கூட்டாக எச்சரித்தன.

ஆசிரியப் பணியை எண்ணி வெளிநாட்டு டி.பி.ஏ. படிப்பவர், அப்பட்டம் இந்தியாவில் பி.எச்.டி. பட்டத்துக்கு இணையாக ஏற்கப்படுமா என்பதைச் சேரும் முன்பே அறிந்துகொள்ளல் தேவை. நிறுவனப் பணியிலேயே தொடர விரும்புபவருக்கு இக்கேள்வி அத்துணை முதன்மையானதன்று.

தர ஏற்பும் போலிப் பட்டங்களும்

லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஆம்பா அமைப்பு எம்.பி.ஏ. படிப்புகளுடன் டி.பி.ஏ. படிப்புகளுக்கும் தர ஏற்பு வழங்குகின்றது. ஆயினும் "தர ஏற்பு பெற்றது" என்ற சொல் மட்டும் போதாது. ஏற்பு வழங்கிய அமைப்பே போலியாக இருக்கலாம். கராச்சியிலிருந்து இயங்கிய ஆக்சாக்ட் நிறுவனம் இல்லாத பல்கலைக்கழகங்களின் பெயரில் பட்டங்களை விற்றதை 2015 மே மாதத்தில் நியூ யார்க் டைம்ஸ் இதழ் வெளிப்படுத்தியது. அப்போலிப் பல்கலைக்கழகங்களுக்குப் போலித் தர ஏற்பு அமைப்புகளும் இருந்தன.

சில மாதங்களில் பட்டம், பட்டறிவுக்கு ஈடாகப் பட்டம், ஆய்வேடோ வாய்மொழித் தேர்வோ இன்றிப் பட்டம் ஆகிய உறுதிமொழிகள் போலிப் பட்டத்தின் அடையாளங்கள் ஆகும். முடித்த மாணவர்களின் ஆய்வேடுகளைப் பல்கலைக்கழக நூலகத்தில் தேடிப் படித்தல் நம்பத்தகுந்த சோதனை ஆகும். நெறியாளர்கள் யாவர், அவர்கள் வெளியிட்ட ஆய்வுகள் எவை, சேர்ந்தோருள் எத்தனை பேர் முடித்தனர் என்பனவற்றையும் கேட்டறியலாம்.

விமர்சனங்கள்

டி.பி.ஏ. ஆய்வேடுகள் ஒரே நிறுவனத்தை மட்டும் ஆராய்வதால் பொதுமைப்படுத்தத் தக்கன அல்ல என்பது ஒரு விமர்சனம். கட்டண வருவாய்க்காகவே சில கல்வி நிறுவனங்கள் இப்படிப்பைத் தொடங்குகின்றன என்பது மற்றொன்று. பெயருக்கு முன் வரும் "முனைவர்" என்ற அடைமொழிக்காகவே சிலர் சேர்கின்றனர் என்றும் கூறப்படுகின்றது. சம்பள உயர்வுக்கான வழியாக மட்டும் இதைக் கருதுபவருக்கு, செலவிடும் ஆண்டுகளுக்கு ஈடான பயன் உறுதியில்லை. இதற்கு மறுமொழியாக, ஒரு நிறுவனத்தை ஆழமாக ஆராய்வதும் ஏற்கப்பட்ட ஆய்வுமுறையே என்றும், தம் முடிவுகளுக்குச் சான்று கேட்கப் பழகிய மேலாளர் உருவாவதே இப்பட்டத்தின் முதன்மைப் பயன் என்றும் ஆதரவாளர்கள் கூறுகின்றனர்.